திங்கட்கிழமைகளில் எரிந்த விளக்கு

அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்தபோது நான் விசுவமடுவைத் தாண்டி, ஒரு உழவு இயந்திரத்தின் பின்னால் பொறுமையில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். ஸ்ரேறிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, இஞ்சின் வடிவத்தில் ஒரு சின்னப் படம். "உனக்கு இப்ப என்ன கோதாரி?" என்று அதைப் பார்த்துக் கேட்டேன். விளக்கு பதில் சொல்லவில்லை, கார்தான் சொன்னது. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க, ஓடமாட்டேன் என்று இரண்டு தரம் திமிறிவிட்டு, மூன்றாம் தரம் திடீரென்று பாய்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் இருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை.

எனக்குக் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை. வீடு முல்லைத்தீவுக் கடற்கரையில். பஸ்ஸில் தொங்கிப் போய்வந்து களைத்துத்தான் இந்தச் சின்ன யப்பான் காரை வாங்கினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓடிய கார் அது. இவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை செய்கிறார். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. போய் நாலு வருடம். இடையில் ஒரு தடவைகூடக் கொம்பனி அவரை வர விடவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்னர்தான், லீவு கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்றரை மாதம், ஆறு கிழமையில் வருகிறேன், இருபத்தாறு நாள் நிற்பேன் என்று போனில் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"வான் பிடிச்சுக்கொண்டு வரக்கூடாது. நீ ஓடிக்கொண்டு வா. நான் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு வரவேணும்."

நான் கார் ஓடுவதை இவர் இன்னும் நம்பவில்லை. கலியாணம் முடித்த புதிதில் எனக்குச் சைக்கிள் பழக்குகிறேன் என்று பின்னால் பிடித்துக்கொண்டு கடற்கரை வீதியில் ஓடிவந்தார். கையை விட்டதுதான் தாமதம், நான் கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு அடுத்த வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குள் போய் விழுந்தேன். அன்றிலிருந்து எனக்கு இரண்டு சில்லும் சரிவராது, நாலு சில்லும் சரிவராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் போன பிறகுதான் நான் கார் பழகினேன். வீடியோ எடுத்து அனுப்பினால், "ஆரோ ஓடுறான், நீ வடிவா வெளிக்கிட்டுப் பக்கத்தில இருக்கிறாய்" என்று பகிடி. சரி, வந்து பார்க்கட்டும். கட்டுநாயக்காவில் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, பக்கத்துக் கதவைத் திறந்து, "ஏறுங்கோ" என்று சொல்லவேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. இரவும் பகலும் அந்த "ஏறுங்கோ"வைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரிந்த அன்று பின்னேரம் இவர் போன் எடுத்தார். எங்கள் போன் கதை பெரிய கதை இல்லை. சாப்பிட்டியோ, சாப்பிட்டன். அம்மா எப்பிடி, இருக்கிறா. அங்க வெய்யிலோ, ஓம் வெய்யில். பிறகு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். இவருடைய தாய் என்னோடுதான் இருக்கிறா. போன் அடித்தால் மாமி தன்னுடைய கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிடுவா. மகனின் குரலை அவாவும் கேட்கவேண்டும்தானே, குறை சொல்ல ஏலாது. ஆனால் மாமி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்க, புருசனோடு நான் என்னத்தைக் கதைக்க?

விளக்கைப் பற்றிச் சொன்னதும் குரலில் உசார் வந்துவிட்டது. "காரை ஸ்ராட் பண்ணிப்போட்டுப் போனை இஞ்சினுக்குக் கிட்டப் பிடி" என்றார். முற்றத்துக்குப் போய், பொனற்றைத் திறந்து, அப்படியே பிடித்தேன். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு!" என்று அங்கேயிருந்து கத்தினார்.

"என்ன?" என்று நானும் கத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் பிடி! கேக்க நல்லா இருக்கு!"

வாசலில் இருந்த மாமிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாலு வருடத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் உரத்துக் கதைத்தோம். இஞ்சினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கந்தோரில் ஒருவர், பற்றறி வயரைப் பத்து நிமிடம் கழற்றிவிட்டுப் போட்டால் விளக்கு போய்விடும் என்றார். கழற்றினேன், போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க நல்ல பிள்ளை மாதிரி ஓடிய கார், அடுத்த திங்கட்கிழமை காலை புதுக்குடியிருப்புத் தாண்டமுன்னம் பழையபடி விளக்கைக் காட்டியது. மாமி உடனே முடிவு சொல்லிவிட்டா.

"நாவூறுதான் பிள்ளை. பொம்பிளை தனிய ஓடித் திரியிறதைப் பாத்த கண்ணெல்லாம் நல்ல கண்ணே?"

மாதா கோயிலிலிருந்து போத்தலில் கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்து, மாதா படம் ஒட்டியிருந்த முன்பக்கம் முழுக்கத் தெளித்துவிட்டா. தெளிக்கட்டும், ஆசீர்வாதம் எந்தப் பக்கத்தால் வந்தால் என்ன?

ஆனால் பரந்தனுக்குக் கிட்ட ஒரு கராச்சிலும் காட்டினேன். அந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். தாய்தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கம் குடியேறியவர்கள். ஆள் காலையில் வயல் பார்த்துவிட்டு வந்துதான் கராச்சைத் திறப்பார். பேச்சில் மலையும் வன்னியும் கலந்திருக்கும். ஒரு சின்னச் சாமானை ஸ்ரேறிங்குக்குக் கீழே செருகி, தன்னுடைய போனில் எதையோ வாசித்தார்.

"துரொட்டில் சென்சர்னு காட்டுதுக்கா. இஞ்சினுக்குக் காத்துப் போற வாயில ஒரு தகடு இருக்கு. நீங்க அக்சிலேட்டர மிதிக்க மிதிக்க அது திறக்கும். எவ்வளவு திறந்திருக்குன்னு பாத்து மூளைக்குச் சொல்றதுதான் இந்தச் சென்சரோட வேலை. இது பொய் சொன்னா மூளைக்கு விசர் பிடிச்சிடும்."

"இப்ப பொய் சொல்லுதோ?"

"மிதிங்க பாப்பம். மெல்ல, மெல்ல."

மிதித்தேன். போனில் இலக்கம் ஏறியது. பத்து, இருபது, முப்பது, ஒரு தடக்கல் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார். "இப்ப நல்லாத்தானே சொல்லுது" என்றார். அந்தக் காற்று வாயைக் கழுவித் துடைத்து, விளக்கையும் அழித்துவிட்டார். சனிக்கிழமை வரைக்கும் பிரச்சினையே இல்லை.

மூன்றாவது திங்கட்கிழமை விடியவே நேராக அவரிடம் கொண்டுபோய், விளக்கு எரிய எரியக் காரை நிறுத்தினேன். "தம்பி, உம்மட வைத்தியம் ஆறு நாளைக்குத்தானோ?" என்று பாய்ந்தேன். மனிதர் கோபிக்கவில்லை. மிதிக்கச் சொன்னார். இந்தத் தடவை இலக்கம் பத்து, பதினைந்து என்று ஏறி, சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்து, அங்கேயிருந்து முப்பத்தைந்துக்குத் தாவியது. எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது. சென்சரில் செருகியிருந்த வயர்ச் சொக்கற்றைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செப்பு முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது.

"உப்புக் காத்துக்கா. நீங்க கடல் பக்கம்தானே? வண்டிய உப்பிலயிருந்து கொஞ்சம் கவனமாப் பாருங்க" என்று சொல்லி, துலக்கிப் பூட்டித் தந்தார்.

உப்பு! உப்பைப் பற்றி இரணைமடுக்காரர் எனக்குச் சொல்லித் தருகிறார் என்று நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வீட்டு யன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல், மாமியின் தையல் மெசின் எல்லாவற்றையும் அந்தக் காற்றுத்தானே தின்றது. கடற்கரையில் பிறந்தவளுக்கு உப்பை என்ன செய்வது என்று தெரியும். நல்ல தண்ணி ஊற்றவேண்டும். கிணற்றுத் தண்ணீரை நாங்கள் நல்ல தண்ணி என்றுதான் சொல்வோம்.

எங்கள் கரையில் சனி இரவு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு காலை பூசை, மத்தியானம் இறைச்சி, பின்னேரம் இஞ்சின் குளிப்பு. மற்ற நாட்களில் அவசரத்துக்குக் கழுவுவதுதான், ஞாயிறுதான் முழுக்கு. வெளிநாடு போகமுன்னம் இவருக்கும் கடல் தொழில்தான். வள்ளத்து இஞ்சினை இவர் தோளில் சுமந்துகொண்டு வந்து, முற்றத்தில் நட்டிருந்த பனங்குற்றியில் பூட்டுவார். அதன் காலை ஒரு பாதிப் பீப்பாவுக்குள் இறக்கி, பீப்பா நிறைய நல்ல தண்ணி நிரப்பி, இஞ்சினை ஓடவிடுவார். உள்ளே கிடக்கும் உப்பெல்லாம் கரைந்து வரும். நான் வாளியும் கோப்பையுமாகப் பக்கத்தில் நின்று, பீப்பாவில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றுவேன், இஞ்சினின் வெளிப்பக்கத்துக்கும் ஊற்றித் துடைப்பேன். இப்படிச் செய்யாத இஞ்சின் ஒரு வருடம் தாங்காது. கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் இது.

கார் வாங்கிய நாளிலிருந்து ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் பொனற்றைத் திறந்து, அதற்கும் இரண்டு வாளி நல்ல தண்ணி ஊற்றிக் கழுவி வந்தேன். மெக்கானிக் உப்பு என்று சொன்னதற்கு அடுத்த ஞாயிறு இரண்டு வாளி போதாது என்று நாலு வாளி ஊற்றினேன். எட்டாத மூலைக்கெல்லாம் கோப்பையால் வீசி ஊற்றினேன். போ சனியனே உப்பே, இவர் வரப்போகிறார் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன்.

நாலாவது திங்கட்கிழமை கார் செத்த பிணம். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வரைக்கும் சைக்கிள்காரர் என்னை விலத்திக்கொண்டு போனார்கள். ஒரு பள்ளிக்கூடப் பெட்டை சைக்கிளில் பக்கத்தில் வந்து, "அன்ரி, என்ன நடந்தது?" என்று இரக்கத்தோடு கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் பதினேழு நாளில் இவர் வந்து இறங்குகிறார். முந்தினநாள் போனில் விளக்குக் கதையைக் கேட்டுவிட்டு, "சரி விடு, வானைப் பிடி. பறவாயில்லை" என்றிருந்தார். அந்தப் பறவாயில்லை என் மனதில் முள்ளாய்க் கிடந்தது.

மெக்கானிக் இந்தத் தடவை காரைத் தொடவில்லை. ஒரு வாங்கில் என்னை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி எடுப்பித்துத் தந்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, நாலு வாட்டியும் திங்கள்தான். ஞாயிறு என்ன செய்றீங்க?"

"பூசைக்குப் போவன். சமைப்பன். சாப்பிட்டுப்போட்டுப் படுப்பன்."

"கார் எங்கயும் போகுமா?"

"கோயிலுக்குப் போக என்னத்துக்குக் கார்? அது முத்தத்தில நிக்கும்."

பொய் சொல்லவில்லை. உண்மையாகவே, நாலு வாளி ஊற்றியதைக்கூட ஒரு விசயமாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு என்ன செய்தீங்க என்று கேட்டால் முகம் கழுவியதை யாராவது ஒரு வேலையாகச் சொல்வார்களா? அவர் காரை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஞாயிறு நான் அங்க வாரேன்க்கா. வண்டி நிக்கிற இடத்தப் பாக்கணும்" என்றார்.

சொன்னபடி அந்த ஞாயிறு பின்னேரம் மோட்டார்சைக்கிளில் வந்தார். வரும் வழியில் கரையில் மீனும் வாங்கி ஹான்டிலில் கொழுவியிருந்தார். நான் அப்போதுதான் இரண்டாவது வாளியைத் தூக்கி, பொனற்றுக்குள் சரித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயய்யோ! அக்கா! என்னா செய்றீங்க!"

அவர் கத்திய கத்தில் வாளி என் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. மோட்டார்சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்து, பொனற்றுக்குள் தலையை விட்டு, அந்தச் சொக்கற்றைக் கழற்றித் தன் உள்ளங்கையில் தட்டினார். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். ஒரு கள்ளனைப் பிடித்த சந்தோசம் அவர் முகத்தில்.

"இந்தா பாருங்க உங்க உப்புக் காத்து!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உமக்கு என்ன தெரியும்? கடற்கரையில நல்ல தண்ணி ஊத்தாத இஞ்சின் ஒரு வருசம் தாங்குமோ? உப்பைக் கழுவாமல் என்னண்டு வைச்சிருக்கிறது? நீர்தானே உப்பெண்டு சொன்னனீர்!"

"அது வள்ளத்துக்குக்கா! அது தண்ணிக்குன்னே செஞ்சது. இது உள்ளுக்குள்ள முழுக்கக் கரண்டு. நான் உப்புலயிருந்து பாருங்கன்னு சொன்னா, நீங்க கிணத்தயே கொண்டாந்து ஊத்திருக்கீங்க!" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "யாருக்கா உங்களுக்கு இப்பிடிக் கழுவச் சொல்லிக் குடுத்தது?"

வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கொஞ்சநேரத்தில் பின்னால் வந்து, வவுனியாவில் புதுச் சென்சரும் சொக்கற்றும் எடுத்து அந்தக் கிழமைக்குள் போட்டுத் தருகிறேன், அண்ணனைக் கூட்டிவர இந்தக் கார்தான் போகும் என்று சொன்னார். போகும்போது அவர் கொழுவிவந்த மீனை மாமி வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டா.

சொன்னபடியே போட்டும் தந்தார். நான் மிதிக்க, இலக்கம் பூச்சியத்திலிருந்து நூறுவரை வழுக்கிக்கொண்டு ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கியது. "இனி இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஈரத்துணியால தொடைங்க, போதும். சத்தியம் பண்ணுங்க" என்றார். செய்தேன்.

இவர் வருவதற்கு முந்தின ஞாயிறு கார் கழுவாத முதல் ஞாயிறு. ஐந்து மணிக்கு என் கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. ஒரு துணியை நனைத்து, பிழிந்து, பொனற்றுக்குள் இரண்டு இழுப்பு இழுத்தேன். பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. முற்றத்தில் அந்தப் பனங்குற்றி இன்னும் நிற்கிறது, உடுப்புக் காயப்போடுகிற கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மெக்கானிக்கின் கேள்விக்குப் பதில் வந்தது.

நான் கலியாணம் முடித்து வந்தபோது இந்த வீட்டில் ஏழு பேர். ஒரு அறையும் ஒரு விறாந்தையும். மச்சாள்மார், மைத்துனர், மாமா, மாமி. புருசனும் பெண்சாதியும் ஒரு சொல் தனியக் கதைக்க இடமில்லை. குசினியில் கதைத்தால் விறாந்தைக்குக் கேட்கும். ஞாயிறு பின்னேரம் பீப்பாவுக்குள் அந்த இஞ்சின் போடுகிற சத்தத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அரை மணித்தியாலம். பக்கத்தில் நின்று காதுக்குள் கத்துவோம். பிள்ளை இல்லாத கவலையை அதற்குள்தான் கதைத்தோம். அவர் வெளிநாடு போவதென்று முடிவெடுத்ததும் அதற்குள்தான். ஒருநாள், "உன்னை எனக்குச் சரியான விருப்பமடி!" என்று அவர் கத்த, அந்த நேரம் பார்த்து இஞ்சின் நின்றுபோக, வீடே திரும்பிப் பார்த்தது. மாமா எழும்பிக் கடற்கரைக்குப் போய்விட்டார். வெட்கத்தில் மூன்று நாள் நான் குசினியை விட்டு வரவில்லை.

இப்போது வீட்டில் நானும் மாமியும்தான், கதைக்க எத்தனையோ இடம் கிடக்கிறது. கதைக்க ஆள் இல்லை. உப்புக்கா நான் தண்ணி ஊற்றினேன்? அந்த ஐந்து மணிக்குத்தான் ஊற்றினேன். பனங்குற்றியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மாமி கண்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். ஓம், மாமியும் வந்தா. மகனைக் கூப்பிடத் தாய் வராமல் விடுவாவா? ஒட்டுசுட்டான், மாங்குளம், வவுனியா, அநுராதபுரம் என்று ஒரு தடக்கலும் இல்லாமல் ஓடினேன். கட்டுநாயக்காவில் இவர் வெளியே வந்தபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்து, வயிறு வைத்து, சேட்டு உள்ளே விட்டு வேறு யாரோ மாதிரி. காரடிக்கு வந்ததும் பக்கத்துக் கதவைத் திறந்தேன். எத்தனையோ கிழமை சொல்லிப் பார்த்த அந்தச் சொல்லைச் சொல்ல மறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே ஏறி இருந்துகொண்டு, "ம், ஓடு பாப்பம்" என்றார்.

புத்தளம் வரைக்கும் மாமி பின்னாலிருந்து நாலு வருடச் செத்தவீடு, கலியாணவீடு எல்லாம் ஒப்புவித்தா. இவர் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றபடி என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு தடவை என் பக்கம் குனிந்து, "கியர் மாத்தேக்க உதட்டைக் கடிக்கிறாய்" என்றார். எனக்கு வீதி கலங்கித் தெரிந்தது.

வந்த முதல் ஞாயிறு, ஐந்து மணிக்கு, கிணற்றடியில் கப்பிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு காரடிக்கு வந்து நிற்கிறார்.

"என்ன, இஞ்சின் கழுவிறேல்லையோ?"

செய்து கொடுத்த சத்தியம் நினைவில்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் ஏலுமா? உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையும் றப்பர் வளையமும் எடுத்துவந்து, அந்தச் சென்சரையும் சொக்கற்றையும் இறுக்கிக் கட்டினேன். "இதில மட்டும் ஊத்தாதேங்கோ" என்றேன். பிறகு காரை ஸ்ராட் செய்து, கல் ஒன்றை அக்சிலேற்றரில் சாய்த்து வைத்தேன். சத்தம் வேண்டுமே. அவர் கோப்பையால் அள்ளி மெல்ல மெல்ல ஊற்றினார்.

"நாலு வருசமும் ஞாயிறு பின்னேரம் என்ன செய்தனி?" என்று காதுக்குள் கத்தினார்.

"இதைத்தான் செய்தனான்!"

"தனியவோ?"

"பின்ன ஆரோட?"

கோப்பையோடு நின்றுவிட்டார். "நான் அங்க ஞாயிற்றுக்கிழமையில துறைமுகப் பக்கம் போறேல்லை!" என்றார். "சின்ன வள்ளத்து இஞ்சின் சத்தம் கேக்கும். ஏலாது!"

பிறகு, "திரும்பிப் போக விருப்பமில்லையடி!" என்று கத்தினார்.

"போகாதேங்கோ!"

"என்னடா சொல்லுறாய்?" என்று வாசலிலிருந்து மாமி கேட்டா.

"தண்ணி காணாதாம் அம்மா!" என்று கத்திவிட்டு இன்னொரு வாளி அள்ளப் போனார்.

இருபத்தாறு நாளில் நாலு ஞாயிறுதான் இருந்தது. முதல் மூன்று தடவையும் பொலித்தீன் கட்டினேன். நாலாவது ஞாயிறு கட்டவில்லை. அடுத்தநாள் அவருக்குப் பயணம், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறந்துபோனேன். அன்று நாங்கள் கதைக்கவும் இல்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஊற்றிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டுவிட்டு நான் தனியத் திரும்பி வந்தேன். பக்கத்து இருக்கையை அவர் பின்னால் சாய்த்துவிட்டபடியே விட்டிருந்தேன். வவுனியா தாண்டும்வரை அழவில்லை. மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் வரும்போது அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் திமிறியது, தடக்கியது, பாய்ந்தது. "வந்திட்டியோ?" என்று அதைக் கேட்டேன். இருபதில் ஓடி வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. மெக்கானிக் போன் எடுத்து, "எப்பிடிக்கா வண்டி? லைட் எரியுதா?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, அருமையா ஓடுது" என்று பொய் சொன்னேன். கந்தோருக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். நேற்றுப் பின்னேரம் இவர் போன் எடுத்தார். சாப்பிட்டியோ, சாப்பிட்டன். அம்மா எப்பிடி, இருக்கிறா. மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தா. நான் எழும்பி முற்றத்துக்குப் போய், காரை ஸ்ராட் செய்து, பொனற்றைத் திறந்து போனைக் கிட்டப் பிடித்தேன். இஞ்சின் ஏறி ஏறி விழுந்தது.

"சத்தம் சரியில்லையே!" என்று கத்தினார். "தண்ணி உள்ளுக்கு இறங்கிட்டுதோ? நான் ஊத்தின தண்ணியோ?"

"ஓம்!"

"கெதியாக் கொண்டுபோய்க் காட்டிக் காயவை!"

"காயவைக்க மாட்டன்!" என்று கத்தினேன்.

போனைக் காதில் வைத்தால் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாசலிலிருந்து மாமி, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை மாமி. சுகமாம்" என்றேன்.